சூரிய ஒளிக்குச் சாதியில்லை, கூரைக்கு இருக்கிறது

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கோவையின் புறநகரிலும் புதிதாக எழும் குடியிருப்புகளின் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். மாடியில் சோலார், மழைநீர்ச் சேகரிப்பு, வெயிலைத் தடுக்கும் சுவர், குழந்தைகளுக்குப் பூங்கா. ‘குடும்பத்தோடு வாழ ஏற்ற சூழல்’ என்ற வரியும் தவறாமல் இருக்கும். யாருடைய குடும்பம் என்பது மட்டும் அச்சில் வராது. அது வீடு பார்க்கப் போகும்போது வாய்மொழியாக வரும்: “நீங்க வெஜிட்டேரியன்தானே?”, “சொந்த ஊர்ல எந்தத் தெரு?”

மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வீடு நல்ல விஷயம்தான். நீளமான சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருந்தால் வெயில் குறைவாக ஏறும். எதிரெதிர் ஜன்னல்கள் இருந்தால் காற்று உள்ளே நுழைந்து வெளியேறும். தளத்தின் மேல் தட்டோடு பதித்தாலோ வெள்ளைப் பூச்சு அடித்தாலோ அறையின் சூடு தணியும். இதற்கென்றே ஒன்றிய அரசு 2018இல் ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டது. சுவர், ஜன்னல், கூரை எப்படி அமைய வேண்டும் என்று அது விரிவாகப் பேசுகிறது. அந்த வீட்டுக்குள் யார் குடிவரலாம் என்பதைப் பேச அதில் இடமில்லை.

திட்டமிட்ட குடியிருப்பு நமக்குப் புதிதும் அல்ல. கோயிலை ஒட்டி அக்ரகாரம், அதைச் சுற்றி ஊர், ஊருக்கு வெளியே சேரி என்பதும் ஒரு திட்ட வரைபடம்தான். யார் எந்தக் கிணற்றில் நீர் எடுப்பது, யார் பிணம் எந்த வழியில் போவது என்பதுவரை வகுத்துவைத்த வரைபடம். இன்றைய மதில்சுவரும் செக்யூரிட்டி வாசலும் அதன் மேல் சோலார் தகடு பொருத்திக்கொண்டால் அதற்குப் பெயர் முன்னேற்றமா?

அதே பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி அரசு திட்டமிட்ட குடியிருப்புகளும் இருக்கின்றன. கண்ணகி நகர் 2000ஆம் ஆண்டு முதல், பிறகு பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட உழைக்கும் மக்களை, அவர்களில் பெரும்பகுதி தலித்துகளை, நகரத்தின் விளிம்பில் கொண்டுவந்து அடுக்கினார்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவெல்லாம் அந்தச் சூட்டைக் கக்கும். மேல்மாடியில் படுப்பவருக்கு மின்விசிறி வெந்த காற்றைத்தான் சுற்றிவிடும். வெப்பத்தைத் தடுக்கும் கூரை அதிகம் தேவைப்படுவது இங்கேதான். ஆனால் ‘பசுமை வீடு’ என்ற சொல் விற்பனையாவது ஏசி வாங்க வசதியுள்ளவர்களிடம்.

பொதுப்பணம் எங்கே போகிறது என்றும் பாருங்கள். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் சொந்தக் கூரை உள்ள வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். குடியிருப்போர் சங்கங்களின் பொது வசதிகளுக்கும் ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கும் அடுக்குமாடியின் நடுவில் சிக்கியவருக்கும் தனக்கென்று கூரை ஏது? கூரை யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்மானித்தது நிலம். நிலம் யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்மானித்தது சாதி.

சட்டம் என்ன சொல்கிறது? எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பெயரால் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆனால் 2005இல் ஒரு பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் வழக்கில், தன் சமூகத்தாரை மட்டும் உறுப்பினராக்கும் துணைவிதி செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். ‘சங்கம் அமைக்கும் உரிமை’ என்ற அந்த ஓட்டை வழியாக அக்ரகாரம் மீண்டும் நுழைய முடியும்.

மாற்று வழி தெரியாத மண் அல்ல இது. தென்மாவட்டச் சாதிக் கலவரங்களுக்குப் பின் 1997இல் கலைஞர் அரசு அறிவித்த பெரியார் நினைவு சமத்துவபுரம் ஒரு திட்டமிட்ட குடியிருப்புதான். 100 வீடுகளில் 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 இதர சாதியினருக்கு. எல்லோருக்கும் ஒரே சுடுகாடு. முதல் சமத்துவபுரம் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. பக்கத்து வீட்டில் யார் என்பதையும் திட்டத்தில் எழுத முடியும் என்று அது காட்டியது. பிறகு வந்த ஆண்டுகளில் பராமரிப்பின்றிப் பல வீடுகள் சிதைந்தன. அது ஆட்சியாளர்களின் அக்கறையின்மை. அதற்காக அந்தக் கொள்கையைக் குறை சொல்ல முடியாது.

எனவே நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, சாதி, மதம், உணவு பார்த்து ஆள் சேர்க்கும் எந்தக் குடியிருப்புச் சங்கத்துக்கும் சோலார் மானியம் கூடாது. இரண்டு, வெப்பத்தைக் குறைக்கும் கூரையும் காற்றோட்டமும் முதலில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கிராமத்துத் தொகுப்பு வீடுகளுக்கும் வர வேண்டும். மூன்று, புதிய சமத்துவபுரங்கள் வேண்டும், நகரங்களிலும் வேண்டும்.

தோழர்களே, உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் வங்கிக் கடன் வாங்கி முதல் வீட்டைக் கட்டப்போகிறீர்கள். சோலார் எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். கூடவே சங்கத்தின் துணைவிதிகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனி லிஃப்ட் என்றோ, அசைவம் சமைக்கக் கூடாது என்றோ எழுதியிருந்தால் பொதுக்குழுவில் எழுந்து எதிர்த்துப் பேசுங்கள். வாடகைக்கு விடும்போது உங்கள் வீட்டுக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.