வாரம் 4 மணி நேரம் மட்டும் அப்பா: பெற்றோர் பிரிந்தால் குழந்தை யாரிடம் வளரும்? நீதிமன்றம் எப்படி முடிவு செய்கிறது?

மதுரையில் அம்மாவோடு வசிக்கும் 2 வயதுப் பெண் குழந்தை. கணவன் மனைவிக்குள் விவாகரத்து வழக்கு. 'ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குழந்தையை கரூருக்கு அழைத்து வந்து தந்தையிடம் காட்ட வேண்டும்' என்று உத்தரவு வருகிறது. போக வர சுமார் 300 கிலோமீட்டர்.

தாய் உச்ச நீதிமன்றம் போனார். 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தந்தை குழந்தையைப் பார்க்கலாம், ஆனால் மதுரையிலேயே பார்க்க வேண்டும். ஞாயிறு காலை 10 மணி முதல் 2 மணி வரை, பூங்கா அல்லது கோயில் போன்ற பொது இடத்தில். தாய் சற்றுத் தள்ளி இருப்பார்.

தந்தையின் உரிமை பறிக்கப்படவில்லை. பெற்றோரின் உரிமையைத் தீர்மானிக்கப் போய் குழந்தையின் உடல்நலம் கெடக் கூடாது என்பதுதான் நீதிமன்றம் சொன்னது. இதுபோன்ற எல்லா வழக்குகளிலும் அடிப்படைக் கேள்வி இதுதான்: குழந்தைக்கு எது நல்லது?

கார்டியன், கஸ்டடி, விசிட்டிங்: என்ன வித்தியாசம்?

மூன்றையும் ஒன்றாக நினைத்துப் பலர் குழம்புகிறார்கள்.

* கார்டியன்: குழந்தைக்காக முடிவெடுக்கும், சொத்தைப் பார்த்துக்கொள்ளும் சட்டப்படியான காப்பாளர்.
* கஸ்டடி: குழந்தை தினசரி யாருடன் வசிக்கிறது என்பது.
* விசிட்டிங்: கஸ்டடி கிடைக்காத பெற்றோர் குழந்தையைச் சந்திக்கும் உரிமை.

1890-ம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். இந்துக்களுக்கு 1956-ம் ஆண்டுச் சட்டமும் உண்டு. குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரில் உள்ள நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும்.

5 வயசு வரைக்கும் அம்மாகிட்டதானா?

பெரும்பாலும் ஆமாம். 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956-ம் ஆண்டுச் சட்டம். ஆனால் 'சாதாரணமாக' என்ற வார்த்தையைக் கவனிக்கணும். தாயிடம் இருப்பது குழந்தைக்கு நல்லதல்ல என்று நிரூபித்தால் முடிவு மாறலாம். அதேபோல, 5 வயது முடிந்ததும் குழந்தை தானாகத் தந்தையிடம் போய்விடாது.

சம்பளம் அதிகம் வாங்குபவருக்குத்தான் குழந்தை என்பதும் தவறான எண்ணம். யார் கூட இருந்து பார்த்துக்கொள்கிறார், பள்ளிக்கூடம், உடல்நலம், குழந்தைக்குப் பழகிய சூழல் என எல்லாவற்றையும் நீதிமன்றம் பார்க்கும்.

குழந்தைகிட்ட கேப்பாங்களா?

விவரம் தெரிந்த வயது என்றால் கேட்பார்கள். இத்தனை வயது என்று சட்டத்தில் வரையறை இல்லை. பொதுவாக நீதிபதி தன் அறையில், பெற்றோர் இல்லாமல் பேசுவார். ஆனால் குழந்தை சொல்வது மட்டுமே தீர்ப்பு ஆகிவிடாது. ஒருவர் சொல்லிக் கொடுத்துப் பேச வைத்தாரா என்பதும் கவனிக்கப்படும்.

வீடியோ கால் கூட உரிமைதான்

வார இறுதி நாட்கள், பள்ளி விடுமுறையில் பாதி, பிறந்தநாள், பண்டிகை என்று நேரத்தைப் பிரித்துத் தருவது வழக்கம். வெளியூர், வெளிநாட்டில் இருந்தால்? 2020-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. தாய், தந்தை இருவரின் அன்பும் குழந்தையின் உரிமை. நேரில் பார்க்க முடியாதவருக்கு போன், வீடியோ கால் மூலம் பேசவாவது வாய்ப்பு தர வேண்டும்.

உத்தரவை மதிக்கலைன்னா?

குழந்தையைக் காட்ட மறுத்தால், உத்தரவிட்ட நீதிமன்றத்திலேயே அதை நிறைவேற்றக் கோரி மனு போடலாம். நீதிமன்ற அவமதிப்பு வழக்கும் வரலாம். ஆனால் நேராக வீட்டுக்குப் போய் குழந்தையைத் தூக்கி வருவது உங்கள் வழக்கையே கெடுத்துவிடும்.

'ஜீவனாம்சம் தரலை, அதனால் காட்ட மாட்டேன்', 'காட்டலை, அதனால் பணம் தர மாட்டேன்' இரண்டுமே சரியல்ல. இரண்டுக்கும் தனித்தனியாக மனு போடலாம். ஒன்றை வைத்து இன்னொன்றை நிறுத்தக் கூடாது.

ஒரு தடவை போட்ட உத்தரவு மாறுமா?

மாறும். குழந்தையின் நிலைமை மாறினால் கஸ்டடி உத்தரவையும் மாற்றலாம் என்று 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் அந்த நீதிமன்றம் தன் உத்தரவையே திருத்தியது. கேரளச் சிறுவன் ஒருவனைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்ன பிறகு, அவன் கடும் மனப்பதற்றத்துக்கு ஆளானது மருத்துவ அறிக்கைகளில் தெரிந்தது. கஸ்டடி மீண்டும் தாயிடமே வந்தது.

இருவரும் சேர்ந்து வளர்க்கும் கூட்டுக் கஸ்டடியைச் சட்டத்திலேயே சேர்க்க 2015-ல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அதற்கான திருத்தம் வரவில்லை. ஆனால் பெற்றோர் ஒத்துக்கொண்டால் நீதிமன்றமே அப்படி ஏற்பாடு செய்யலாம்.

கையெழுத்துப் போடும் முன்...

பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால், 'வசதிப்படி பார்த்துக்கொள்ளலாம்' என்று பொதுவாக எழுதாதீர்கள். பின்னாடி சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், யார் கூட்டிப் போய் விடுவது, காய்ச்சல் வந்தால் மாற்று நாள் எது, பள்ளி மீட்டிங்குக்கு யார் போவது, கட்டணம் யார் கட்டுவது என்று ஒவ்வொன்றாக எழுதி வையுங்கள். வழக்கறிஞர் வைக்கும் செலவு கட்டுப்படியாகாவிட்டால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவி கிடைக்கும்.