விளையாட்டுக்கும் ஒரு பணியிடம் வேண்டும்

நான்கு வயதுக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தால், சிகிச்சை முடிய இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் ஆகும். கையில் வென்ஃப்ளான், முதுகுத்தண்டில் ஊசி, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை, ரத்த அணுக்களின் கவுன்ட் இறங்கிய நாட்களில் யாரையும் கிட்டே விடாத தனியறை என்று அந்தக் காலம் போகும். பால்வாடிக்குப் போக முடியாது, தெருவில் இறங்கி ஆட முடியாது, முடி கொட்டும், வாய்ப்புண்ணில் சோறு இறங்காது. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ரத்தப் புற்றுநோய், இரண்டு முதல் ஐந்து வயதுக்குள்தான் பெரும்பாலும் வருகிறது. விளையாட்டைத் தவிர வேறு வேலை தெரியாத வயது அது. அந்த வயதில் மருந்தைக் கொடுத்துவிட்டு விளையாட்டைப் பறித்துக்கொள்வதை முழுமையான சிகிச்சை என்று நாம் ஏற்கக் கூடாது.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும், குழந்தைகள் பிரிவுக்கென்று பயிற்சி பெற்ற விளையாட்டுப் பணியாளர் ஒருவராவது நிரந்தரமாக நியமிக்கப்பட வேண்டும். ஆய்வகப் பணியாளர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட் ஆகியோருக்கு இருப்பதுபோல இதற்கும் பணியிடமும் சம்பளமும் பொறுப்பும் வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். நல்ல மனம் படைத்தவர்கள் வந்தால் நடக்கும், வராவிட்டால் நிற்கும் என்ற நிலையில் இதை இனியும் விட்டுவைக்க முடியாது.

இந்த வேலையை உலக அளவில் நெடுங்காலமாகச் செய்துவரும் அறக்கட்டளைகளில் ஒன்று ஸ்டார்லைட். 1982-இல் நடிகை எம்மா சாம்ஸும் அவருடைய உறவினரான திரைப்படத் தயாரிப்பாளர் பீட்டர் சாமுவேல்சனும் அமெரிக்காவில் இதைத் தொடங்கினார்கள். எம்மா சாம்ஸ் தன் தம்பியைச் சிறு வயதிலேயே ரத்த நோய்க்குப் பறிகொடுத்தவர். மூளையில் கட்டி வந்த பிரிட்டிஷ் சிறுவன் ஒருவனை டிஸ்னிலேண்டுக்கு அழைத்துப் போனதுதான் ஆரம்பம். பிறகு 1987-இல் பிரிட்டனிலும், 1988-இல் ஆஸ்திரேலியாவிலும் அதே பெயரில் அமைப்புகள் உருவாயின.

ஆஸ்திரேலியாவில் ‘கேப்டன் ஸ்டார்லைட்’ என்ற பெயரில் வண்ண உடையணிந்த கலைஞர்கள் குழந்தைகள் மருத்துவமனைகளில் அன்றாடம் வலம் வருகிறார்கள். பாட்டு, மேஜிக், ஓவியம், கதை என்று அந்தந்தப் பிள்ளைக்கு எது பிடிக்குமோ அது. அங்கே பிள்ளைகளுக்கென்று தனி அறையும் உண்டு. அந்த அறைக்குள் ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ அனுமதி கிடையாது. டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு பிள்ளை அங்கே வரலாம். ஆனால் ஊசியோடு யாரும் அதன் பின்னால் வர முடியாது. நாள் முழுக்க, கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘யார் வருகிறார்கள், எனக்கு என்ன செய்யப்போகிறார்கள்’ என்று பயந்து கிடக்கும் குழந்தைக்கு, மருத்துவமனைக்குள்ளேயே பயமில்லாத நாலு சுவர்கள் கிடைக்கின்றன. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு விதியும், அதை மருத்துவர்களே மதிப்பதும் போதும்.

பிரிட்டனின் ஸ்டார்லைட்டிடம் நாம் கற்க வேண்டியது இன்னும் முக்கியமானது. நோயுற்ற பிள்ளையின் ஓர் ஆசையை நிறைவேற்றி வைப்பதுதான் தொடக்கத்தில் அதன் பெயர்பெற்ற பணி. படம் எடுக்கவும் நன்கொடை திரட்டவும் அதைவிடத் தோதான பணி வேறில்லை. அண்மை ஆண்டுகளில் அந்த அமைப்பு அதை நிறுத்திவிட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் கிடைக்கும் பெரிய மகிழ்ச்சியைவிட, வார்டில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தினமும் கிடைக்கும் விளையாட்டே பெரிது என்று முடிவெடுத்தது. பொம்மைகளும் புதிர்களும் நிரம்பிய பெட்டிகளை மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. விளையாட்டை மருத்துவச் சேவையின் பகுதியாக்க வேண்டும் என்று அரசிடம் வாதாடுகிறது. அதன் பலனாக, மருத்துவமனைகளில் விளையாட்டுச் சேவை எப்படி இருக்க வேண்டும், எத்தகைய பணியாளர்கள் வேண்டும் என்பதற்கான தரநிலைகளை இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2025-இல் இந்த அமைப்போடு சேர்ந்தே வெளியிட்டது. தான் செய்யும் வேலையை அரசு தன் கடமையாக ஏற்க வேண்டும் என்று ஓர் அறக்கட்டளையே கேட்டிருக்கிறது. இதைத்தான் நாம் மனதார வரவேற்கிறோம்.

அந்த இடத்துக்கு வந்து சேர பிரிட்டனுக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1950-களில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் பெற்றோர் பிள்ளையைப் பார்ப்பதற்கே கடும் கட்டுப்பாடு இருந்தது. 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், அறுவை சிகிச்சைக்காகத் தாயைப் பிரிந்து எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படம்பிடித்துக் காட்டினார். குழந்தை அழாமல் இருந்தால் பழகிவிட்டது என்று மருத்துவர்கள் நம்பிய காலம் அது. அந்த அமைதி துயரத்தின் அடையாளம் என்று படம் காட்டியது. 1959-இல் வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்க வேண்டும், பிள்ளைகள் விளையாட வழிசெய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் எம்மா பிளாங்க் என்ற கல்வியாளர் 1955-லேயே மருத்துவமனைக்குள் இதற்கென்று தனித் திட்டம் தொடங்கியிருந்தார். இன்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், தரமான குழந்தை மருத்துவத்தின் அங்கமாகவே இதை எண்ணுகிறது.

பிரிட்டன் போராடிப் பெற்ற ஒன்று நம்மிடம் வழக்கமாகவே இருக்கிறது. நம் வார்டுகளில் தாய் கட்டிலை விட்டு நகர்வதில்லை. பாட்டியோ அத்தையோ தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பார். இது பெரிய பலம். ஆனால் அந்தத் தாயின் நிலையையும் பார்க்க வேண்டும். ஊரில் இன்னொரு பிள்ளையை விட்டுவிட்டு வந்திருப்பார். கணவருக்குக் கூலி நின்றிருக்கும். ரத்தம் தேட வேண்டும், ஸ்கேனுக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஊசி போடும் நேரத்தில், ‘அம்மா, கையைப் பிடிங்க, பாட்டி, காலை அமுக்குங்க’ என்று அவரையே கூப்பிடுகிறார்கள். பிள்ளை யார் மடியில் போய் ஒளிய வேண்டுமோ, அவரே அதை அமுக்கிப் பிடிக்கும் ஆளாகிவிடுகிறார். அதே தாய் அடுத்த நிமிடம் சிரிக்க வைத்து விளையாட்டும் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை.

பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே என்ன செய்வார்? துணிப் பொம்மையின் கையில் ஒரு வென்ஃப்ளானை ஒட்டிப் பிள்ளையிடம் கொடுப்பார். ஊசி இல்லாத சிரிஞ்சைக் கையில் கொடுத்து, ‘இன்னைக்கு நீதான் டாக்டர்’ என்பார். பிள்ளை பொம்மைக்கு ஊசி போடும், போடும்போதே பேசும். ‘நீ தம்பிப் பாப்பாவை அடிச்சேல்ல, அதான் உனக்கு ஊசி’ என்று அது சொன்னால், கேட்பவருக்கு ஒரு விஷயம் புரிந்துவிடும். தான் செய்த தப்புக்குத் தண்டனையாகவே இந்த நோய் வந்தது என்று அந்தப் பிஞ்சு நம்பிக்கொண்டிருக்கிறது. சாப்பிடாவிட்டால், தூங்காவிட்டால், சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் ‘டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்’ என்று மிரட்டி வளர்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். அந்த மிரட்டலைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நிஜமாகவே ஊசிகளுக்கு நடுவே படுக்கும்போது வேறு எப்படி நினைக்கும்? அந்தப் பயத்தை எந்த மருந்தும் வெளியே கொண்டுவராது. பொம்மை கொண்டுவரும். பிறகு அவர் மருத்துவரிடமும் தாயிடமும் பேச முடியும். பிள்ளையிடம் ‘உன் மேல தப்பே இல்லடா கண்ணு’ என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்ல முடியும்.

கதிர்வீச்சுச் சிகிச்சையில் இதன் பயன் கண்கூடு. தலையில் கட்டி உள்ள பிள்ளையின் முகத்துக்கு ஒரு முகமூடி செய்து அதை மேஜையோடு பிணைப்பார்கள். எல்லோரும் வெளியே போய்விட, பிள்ளை தனியாக, அசையாமல் படுத்திருக்க வேண்டும். சிறு பிள்ளைகளால் முடியாது என்பதால் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள். ஒவ்வொரு முறையும் வெறும் வயிறு. அந்த முகமூடியில் சிலந்தி மனிதனையோ சிங்கத்தையோ வரைந்து, அதை மாட்டிக்கொண்டு ‘சிலை’ விளையாட்டு விளையாடி, முன்கூட்டியே பழக்கினால், சில பிள்ளைகளுக்கு மயக்க மருந்தே தேவைப்படாமல் போகிறது. பிள்ளை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மயக்க மருந்து நிபுணரின் நேரமும் மிச்சம். செலவுக் கணக்கு பார்ப்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

ஆய்வுகளும் உள்ளன. ஊசி தொடர்பான வலியும் பதற்றமும் குறித்து 2018-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 5,550 பேர் பங்கேற்ற 59 சோதனைகளை அலசியது. கவனத்தைத் திருப்புதல், மூச்சுப் பயிற்சி போன்றவை உதவுகின்றன என்பது அதன் முடிவு. ஆதாரங்களின் தரம் இன்னும் உயர வேண்டும் என்றும் அது சொன்னது. அதை மறைக்கத் தேவையில்லை. மருத்துவமனைக் கோமாளிகள் குறித்து 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அவர்கள் உடனிருந்தபோது பிள்ளைகளின் பதற்றம் குறைந்ததைப் பதிவு செய்திருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். சென்னையின் லிட்டில் தியேட்டர் நாடகக் குழு, எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு மருத்துவக் கோமாளிகளை அனுப்பிவருவது பாராட்டுக்குரிய முயற்சி. ஆனால் பெரும்பாலான ஊர்களில் விளையாட்டு என்பது விசேஷ நாட்களில் வந்துபோகும் விருந்தாளி. குழந்தைகள் தினத்தன்றும் நடிகர்களின் பிறந்தநாளன்றும் பொம்மைகள் வந்து இறங்கும். முடி கொட்டிய பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார்கள். அந்தப் படத்துக்குச் சம்மதமா என்று பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. வந்தவர்கள் போன பிறகு, தொலைந்துவிடும், உடைந்துவிடும், ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்தில் பொம்மைகள் பீரோவுக்குள் போய்விடும். சாவி வைத்திருக்கும் சிஸ்டரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. எத்தனையோ படுக்கைகளைக் கவனிக்கும் அவருக்கு, பொம்மையைக் கழுவி, கிருமி நீக்கி, எண்ணி வைக்க நேரமில்லை. எதிர்ப்பாற்றல் குறைந்த பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதே தனிப் படிப்பு. பஞ்சு அடைத்த கரடிப் பொம்மை அன்போடு வந்தாலும் கிருமியைச் சுமந்து வரலாம். அதனால்தான் பொம்மையைவிட ஆளைக் கேட்கிறோம்.

ஒன்றிய அரசு 2021 செப்டம்பரில் தொடங்கிய ‘முஸ்கான்’ திட்டம், அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு இணக்கமான சூழல் வேண்டும் என்கிறது. நல்ல நோக்கம்தான். நடைமுறையில் அது சுவர் ஓவியமாகச் சுருங்கிவிடும் ஆபத்து இருக்கிறது. சுவரில் சோட்டா பீம் இருந்தால் போதாது. கட்டிலருகே வந்து உட்கார மனிதர் வேண்டும்.

செவிலியர் பணியிடங்களே காலியாகக் கிடக்கும்போது விளையாட்டுக்கு ஆள் கேட்பதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, செவிலியர் காலியிடங்களையும் நிரப்பத்தான் வேண்டும். ஆனால் ஒன்று கிடைக்கும்வரை மற்றொன்றைக் கேட்காதே என்ற வாதத்தை ஏற்றிருந்தால், மருத்துவமனைகளில் பிசியோதெரபியும் வந்திருக்காது, மனநல ஆலோசனையும் வந்திருக்காது. குழந்தைக்கு விளையாடும் உரிமை உண்டு என்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 1992-இல் ஏற்றுக்கொண்டது. நோயுற்ற குழந்தைக்கு இது பொருந்தாது என்று அதில் எங்கும் இல்லை.

பிழைக்க மாட்டாள் என்று மருத்துவர்கள் கைவிரித்த பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்ற கேள்வியும் காதில் விழுகிறது. அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் வேண்டும். அவளுக்கு மிச்சமிருப்பது மூன்று வாரமென்றால், அந்த மூன்று வாரமும் அவளுடைய குழந்தைப் பருவம். சொப்பு வைத்துச் சோறாக்கி, பக்கத்துக் கட்டில் பையனுக்குப் பரிமாற அவளுக்கு உரிமை இருக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்த்தோம் என்ற நினைவு பெற்றவர்களுக்கு ஆயுள் முழுக்கத் துணைக்கு இருக்கும்.

வளர்ந்த பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வரும் பதிமூன்று வயதுப் பையன் பொம்மையைத் தொட மாட்டான். அவனுக்கு ஒரு கை சதுரங்கம், ஒரு வீடியோ கேம், தன் வயதுக்காரனோடு பேச ஒரு வாய்ப்பு வேண்டும்.

செய்ய வேண்டியவை எட்டாத உயரத்தில் இல்லை. உளவியல், சமூகப்பணி, குழந்தை மேம்பாடு படித்த பட்டதாரிகள் நம்மிடம் ஏராளம். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஒன்றை வகுக்கலாம்; கோமாளிக் கலையும் பொம்மலாட்டமும் தெரிந்த நம் நாடகக் கலைஞர்களை அதில் ஆசிரியர்களாக அழைக்கலாம். அறக்கட்டளைகளுக்கும் இதில் இடமுண்டு: பயிற்சி தரலாம், பொருள் தரலாம், சரியாக நடக்கிறதா என்று கேள்வி கேட்கலாம். ஆனால் சம்பளமும் பொறுப்பும் அரசுடையதாக இருக்க வேண்டும். ஊசி போடாத ஓர் அறையை ஒவ்வொரு குழந்தைகள் பிரிவும் நாளைக்கே ஒதுக்கலாம். அதற்கு டீனின் ஒரு சுற்றறிக்கை போதும். படம் எடுக்க வருபவர்களுக்கு வார்டுக்குள் அனுமதியில்லை என்பதையும் அதே சுற்றறிக்கையில் சேர்க்கலாம்.

பணியிடங்களுக்கு அரசாணை வேண்டும். அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் வெளியிடும் அறிவிப்புகளில் இது இடம்பெற வேண்டும். முதல் கட்டமாக எழும்பூரிலும், மதுரை, கோவை, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளிலும் ஆட்களை நியமித்து, இரண்டாம் ஆண்டில் மற்ற மாவட்டங்களுக்கு விரிவுபடுத்தலாம்.