பள்ளிப் பெயர் என்னும் புதுப் பட்டம்

1929ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் செங்கற்பட்டில் தன்மான இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடிற்று. ஊ.பு.அ. சவுந்தரபாண்டியனார் தலைமை தாங்கினார். பெயருக்குப் பின்னே வாலெனத் தொங்கிய சாதிப் பட்டங்களை அறுத்தெறிக என்று அம்மாநாடு முடிவு செய்தது. பலர் அறுத்தும் எறிந்தனர். அதே செங்கற்பட்டில் இன்று திருமண வீட்டுப் பந்தியில் அறிமுகமில்லா இருவர் அருகமர்ந்தால், ஊரும் தொழிலும் வினவியபின் எழும் அடுத்த வினா, "பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறான்?" என்பது. ஆங்கிலவழிப் பள்ளியின் பெயரைச் சொல்பவர் நிமிர்ந்து சொல்கிறார். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்பவரோ குரலைத் தாழ்த்திக் கொள்கிறார். "நீங்கள் என்ன ஆள்கள்?" என்று முன்பு கேட்டனரே, அவ்வினாவேதான் இது, உடைதான் வேறு.

இப்பெருமிதத்தின் உள்ளீடு என்னவென்று உரித்துப் பார்ப்போம். 'மெட்ரிக்குலேசன்' என்பது இலத்தீன் வழிவந்த சொல். பெயர்ப் பதிவேட்டிற் சேர்த்தல் என்பது அதன் பொருள். பல்கலைக்கழகத்துட் புகுவார்க்கு நடத்திய தேர்வின் பெயர் அது. அப்பள்ளிகள் 1970களின் இறுதியிலேயே பல்கலைக்கழகத்தினின்று பிரிந்து அரசின்கீழ் வந்துவிட்டன. பெயர்மட்டும் போகவில்லை. பால்மணம் மாறாத மூன்றாண்டுக் குழந்தை பல்கலைக்கழக நுழைவின் பெயரைச் சட்டைப் பையிற் குத்திக்கொண்டு மஞ்சள் பேருந்தில் ஏறுகிறது!

பாடமேனும் வேறா? அதுவுமில்லை. முத்துக்குமரன் குழுவின் பரிந்துரையை அடுத்து 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. அதனை நிறுத்திவைக்க முயன்ற அரசு 2011 ஆகத்தில் உச்ச வழக்குமன்றத்தில் தோற்றது. 2012 முதல் அரசுப் பள்ளி மாணவனும் மெட்ரிக்குலேசன் மாணவனும் எழுதுவது ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வு. மேனிலை வகுப்புகளிலோ அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஒரே பாடந்தான். ஆக, ஒரே பொத்தகத்தின் ஆங்கிலப் பெயர்ப்புக்கும், கழுத்துப் பட்டைக்கும், பள்ளிப் பெயருக்குமே பெற்றோர் நகையை அடகு வைக்கின்றனர்.

பாடம் ஒன்றானதும் நடந்தது என்ன? "நம் பிள்ளையும் குப்பத்துப் பிள்ளையும் ஒரே நூலைப் படிப்பதா?" என்று முகஞ்சுளித்தோர் நடுவண் பாடத்திட்டப் பள்ளிகளுக்குத் தாவினர். பள்ளி முதலாளிகளும் பலகையை மாற்றிக்கொண்டனர். கல்வியின் தரத்தைத் தேடியவர்களாயின் அப்புதிய பாடத்தைச் செப்பம் செய்யக் கேட்டிருப்பர். அவர்கள் தேடியது வேலி.

மாமல்லபுரத்தின் நிலையைப் பாருங்கள். 1957இல் அங்குத் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று அரசுக் கல்லூரியாய் வளர்ந்துள்ளது. குமரிமுனையில் 133 அடி உயர்ந்து நிற்கும் திருவள்ளுவர் சிலையை வடித்த வை. கணபதியார் அதன் முதல்வராய் இருந்தவர். அவ்வூர்க் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வழிவழியாய்த் தமிழிற் பேசித் தமிழிற் கற்ற தொழில் அது. ஆயினும் நாளெல்லாம் கற்பொடியை மூச்சிழுத்து உளி பிடிப்பவர், அவ்வருவாயை ஆங்கிலவழிப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கட்டுகிறார். 'கல் கொத்துபவன் மகன்' என்று தம் மகனை எவனும் எள்ளிவிடக் கூடாது என்பதே அவர் அச்சம். அவரை நான் குறை சொல்லேன். மேலிருப்பவன் இழிவைக் காட்ட அச்சீருடையை வாங்குகிறான். கீழிருப்பவன் இழிவை மறைக்க வாங்குகிறான். இருவரையும் ஒரே தட்டில் வைத்து, "பெற்றோரின் ஆங்கில மயக்கம்" என்று மேடையிற் பொதுப்படப் பேசுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. அது நேர்மையன்று.

(அங்கிருந்து தெற்கே கற்பாக்கத்தில் அணுமின் நிலையத்தார்க்கென நடுவணரசே பள்ளிகள் நடத்துகிறது. சுற்றிலும் சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் என்று தமிழூர்கள். கேந்திரிய வித்தியாலயத்திலோ தமிழ் கட்டாயப் பாடமன்று!)

அரசின் செய்கை இதனினும் கேடு. தொடக்கப் பள்ளியிற் பயிற்றுமொழி தமிழாக வேண்டுமென 1999இல் 102 தமிழறிஞர் பட்டினிப் போர் தொடங்கினர். அதன்பின் பிறந்த ஆணையை 2000இல் உயர் வழக்குமன்றம் தள்ளிற்று. 2012-13 முதல் அரசே தன் பள்ளிகளுக்குள் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பரப்பிற்று. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமோ தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நான்கிலொரு பங்கு இடத்தை ஏழைப் பிள்ளைகட்கு ஒதுக்கி, அதற்கான கட்டணத்தை அரசு தரவேண்டும் என்கிறது. "என் பள்ளி தாழ்ந்தது, பக்கத்துக் கடைக்குப் போ, காசு நான் தருகிறேன்" என்று கடைக்காரனே சொன்னால் அக்கடையில் எவர் வாங்குவர்? அண்மைப் பள்ளியிலேயே எல்லாரும் பயிலும் பொதுப்பள்ளி முறையைக் கோத்தாரிக் குழு 1966லேயே பரிந்துரைத்துவிட்டது. அரசு அலுவலரும் நடுவரும் தம் மக்களை அரசுத் தொடக்கப் பள்ளியிற் சேர்க்க வழிசெய்க என்று 2015இல் அலகாபாத்து உயர் வழக்குமன்றம் தீர்ப்புரைத்தது. அதிகாரம் உடையவனின் பிள்ளை உட்காரும் வகுப்பறையின் கூரை ஒழுகாது என்பது அத்தீர்ப்பின் உட்பொருள்.

ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்னும் நிலை பல சிற்றூர்ப் பள்ளிகளில் இருப்பது மெய். ஆங்கிலம் தெரிந்தாற்றான் பல வேலைகள் கிடைக்கும் என்பதும் மெய். ஆங்கிலத்தை ஒரு மொழிப்பாடமாகச் செவ்வையாய்க் கற்பிக்கட்டும், நமக்கு வழக்கில்லை. ஆனால் அரசுப் பள்ளியிற் சம்பளம் வாங்கும் ஆசிரியரே தம் பிள்ளையைத் தனியார் பேருந்தில் ஏற்றிவிட்டுத் தம் பள்ளிக்கு வருகிறாரே, அவரிடம் எவர் போய்ப் பேசுவது?

நம்மவரும் பேச முடியாது. "தமிழ்வழிக் கல்வி" என்று மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்குப் போனால் வாசலில் ஆங்கில எண்ணுப் பாட்டுக் கேட்கிறது. இயக்க உறுப்பினர் படிவத்தில் பெயர், ஊர், அகவை, தொழில் என்று கேட்கிறோம். பிள்ளைகள் பயிலும் பள்ளி எது, எவ்வழி என்று இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். பிள்ளையை ஆங்கிலவழியில் விட்டிருப்பவர்க்கு மாற்றிச் சேர்க்க ஓராண்டுக் காலம் கொடுக்கலாம். அதுவரை மேடை வேண்டா. சூனில் பள்ளி திறக்குமுன் செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பகுதி அன்பர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிக்கு நேரிற் சென்று, ஆசிரியர் எத்தனை பேர், வகுப்பறை எத்தனை, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தெழுதி, ஒரு படியை மாவட்டக் கல்வி அலுவலர்க்கும் மறுபடியை நமக்கும் விடுக்கட்டும்.