விண்மீன் கணக்கு

கொமரலிங்கத்தில் அமராவதிக் கரையில் நின்று தெற்கே மலையை நோக்கும் எம்மூரார், "வானநூல் கொடைக்கானலார்க்கே உரியது" என்பர். யாம் அதற்கு உடன்படேம்.

சென்னை வானாய்வுக்கூடத்து டெய்லர் 11,015 விண்மீன்களின் இடங்களைக் கணித்து 1844-இல் பட்டியலிட்டார். அவருக்குத் தொலைநோக்கியருகே இருத்தல் இன்றியமையாததாயிற்று. 2013-இல் ஐரோப்பியர் ஏவிய கையா என்னும் செயற்கைக்கோளோ, விண்மீன் தன் ஒளியுணர் தகட்டைக் கடந்த கணத்தையே குறித்தனுப்பியது. பல்லாண்டுகள் பன்முறை குறித்த அக்கணங்களினின்று விண்மீனின் இடம், தொலைவு, நகர்ச்சி, ஏன், கோள் தான் எத்திசை நோக்கி நின்றது என்பதையுங்கூட ஒருங்கே பிரித்தெடுத்தது கணிதமே. 2025-இல் கோள் ஓய்ந்தது. ஏறத்தாழ 146 கோடி விண்மீன்களின் எண்கள் எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன.

கணிதத்தில் வல்ல எம்மூர் மாணாக்கர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் கணக்கெழுதச் செல்கின்றனர், அஃது இழுக்கன்று. ஆயினும் இக்கணக்கும் அவர்க்கு எட்டுவதே என்று பள்ளியில் ஒருவரேனும் சொல்லியிருத்தல் வேண்டும்.