மிதித்துப் பார்த்துவிட்டு மலை இறங்குங்கள்

விடிவதற்குள் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள், சாயங்காலம் அதே ஆட்களோடு மலை இறங்குகின்றன. போடிமெட்டு இறக்கத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். டீசல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டுகிறவர்களை என்னால் மன்னிக்கவே முடியாது. பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைப்பதே இன்ஜின் ஓடுவதால்தான். அணைத்தபின் இரண்டு மூன்று மிதிக்குத்தான் அந்தத் துணை. அப்புறம் பெடல் கல்லாகிவிடும். டிரையம்ஃப் மாதிரிப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பூஸ்டரைப் பிரித்து டயாபிரம், ஒன்வே வால்வு, சீல் எல்லாம் மாற்றிக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆள் நெருக்கி உட்காரும் ஜீப்புக்கு அந்தக் கவனம் வேண்டாமா? சோதிக்க ஒரு நிமிடம் போதும். இன்ஜினை அணைத்து, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். காலடியில் பெடல் லேசாக இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லையா, முதலில் வேக்குவம் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போய், வெளியே எங்கும் கசிவு தெரியவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் வழியாக அது பூஸ்டருக்குள் இறங்கிக்கொண்டிருக்கலாம். அந்த வண்டியை அன்றைக்கு மலைக்கு எடுக்காதீர்கள்.