மயிலையில் ஒரு மனக்கோயில்

இறைவனோடு தனித்திருக்க வேண்டுமெனில் ஆற்றங்கரையோ மலையடிவாரமோ வேண்டும் என்று பலரும் எண்ணுகின்றனர். அறுபத்துமூவருள் ஒருவரான வாயிலார் நாயனார் வாழ்ந்த ஊரை அறிந்தால் அந்த எண்ணம் நிலைக்காது.

அவர் அவதரித்த திருமயிலை அந்நாளில் செல்வம் கொழித்த கடற்கரைப் பட்டினம். சேக்கிழார் பெருமான் அடியாரைக் காட்டுமுன் ஊரைத்தான் காட்டுகிறார். மரக்கலங்கள் பெருநிதியைக் கொணர்ந்து தள்ளுகின்றன. அவை இறக்கிவிட்ட யானைக் கன்றுகளும், கடலில் படிந்த மேகங்களும், எருமைக் கன்றுகளும் ஒன்றோடொன்று கலந்து, எது எதுவெனப் பிரித்தறிய இயலாதபடி கரையெங்கும் கருமையாய்த் தோன்றுகின்றனவாம். சுமை இறக்குவோர் கூச்சலையும் விலை பேசுவோர் ஆரவாரத்தையும் கற்பனை செய்துகொள்வது கடினமன்று.

அந்த ஊரில்தான் வாயிலார் ஓசையின்றி ஒரு கோயில் எடுத்தார். வாய் பேசாதவர் என்பதால் இப்பெயர் வந்தது என்பர் சிலர். சேக்கிழாரோ அதனை ஒரு பழங்குடியின் பெயராகவே சொல்கிறார். இதைச் சிறிய செய்தி என்று தள்ளிவிடலாகாது. பேச்சற்றவருக்கே வாய்த்த பூசை அது, நமக்கு ஆகாது என்று ஒதுங்கிக்கொள்ள இடமில்லாமற் போகிறதல்லவா?

அவர் செய்த பூசையில் பூக்கூடையும் இல்லை, மணியோசையும் இல்லை. மறவாமையே கோயில், உணர்வே விளக்கு, ஆனந்தமே திருமஞ்சனம், அன்பே திருவமுது. கோயிலில் குருக்கள் செய்யும் முறை அப்படியே உள்ளே நிகழ்ந்தது. அதை நெடுநாள் விடாது செய்து சிவபெருமான் திருவடி சேர்ந்தார் என்பதே அவர் வரலாறு. வேறு அற்புதம் ஏதும் அதில் இல்லை.

இன்று வயது முதிர்ந்த அன்பர் பலருக்கு இரண்டு குறைகள். ஒன்று, மூட்டுவலியால் கோயிற்படி ஏற இயலவில்லை. பிள்ளைகளின் அடுக்குமாடி வீட்டில் பூசை அறை என்பது சமையலறை அலமாரியின் ஒரு தட்டு. மற்றொன்றைப் பலர் வெளியில் சொல்வதில்லை. ஓய்வு பெற்றால் நேரம் கிடைக்கும் என்று காத்திருந்தார்கள்; நேரம் கிடைத்தது, மனம் கிடைக்கவில்லை. சகஸ்ரநாமம் பாதியில் இருக்கும்போதே மடியிலுள்ள கைப்பேசி ஒளிர்கிறது. யாரோ அனுப்பிய அபிஷேகக் காட்சிதான்! அதைப் பார்த்து முடிப்பதற்குள் எந்த நாமத்தில் நிறுத்தினோம் என்பது மறந்துபோகிறது. கேட்டால் பேரக்குழந்தைகளின் இரைச்சலைச் சொல்கிறார்கள். பாவம், அக்குழந்தைகள்!

திருநின்றவூர்ப் பூசலார் கதையை அறியாதார் இல்லை. கையில் பொருளில்லாத அவர், நிதி, கல், தச்சர் அனைத்தையும் சிந்தையிலேயே சேர்த்தார். அடித்தளத்திலிருந்து சிகரம் வரை வரிசை தவறாமல் எழுப்பினார். கிணறும் குளமும் மதிலும்கூட விட்டுப்போகவில்லை. காடவர்கோன் காஞ்சியில் எடுத்த கற்கோயிலின் குடமுழுக்கு அந்த மனக்கோயிலுக்காகத் தள்ளிப்போக நேர்ந்தது.

இவ்விருவரும் வெறுமனே கண்மூடி அமரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மனத்துக்கு வேலை கொடுத்தார்கள். வேலையற்ற மனமே வீதி சுற்றுகிறது.

நாற்காலியில் அமர்ந்தபடியே இதைச் செய்யலாம். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். பழகிய கோயிலின் வாயிலில் மனத்தால் நின்று, கொடிமரம் கடந்து, விளக்கேற்றி, நீராட்டி, மாலை சாத்தி, அமுது படைத்து வலம்வரக் கால்மணி நேரம் போதும். நடுவே மனம் மின்கட்டணத்துக்கோ மருமகளின் சொல்லுக்கோ ஓடிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கணக்குப் பார்ப்பவர் விட்ட வரியிலிருந்து தொடர்வதுபோல், விட்ட படியிலிருந்து தொடரலாம். திருமஞ்சனத்தின்போது அகன்றிருந்தால், குடத்தில் இன்னும் நீர் இருக்கிறது.

வாயிலாருக்கு மயிலைக் கபாலீசுவரர் கோயிலில் சந்நிதி உண்டு. அவரது குருபூசை மார்கழி ரேவதியில் வருகிறது. அன்று மயிலைக்குச் செல்ல இயலாத அன்பர்கள் வீட்டிலிருந்தே அவரைப் போல் பூசிக்கலாம். நாற்காலியைச் சன்னலருகே இட்டுக்கொண்டால் போதும். தெருவில் இரைச்சல் இருக்கும், இருக்கட்டும்.