பழைய விளக்கும் புதிய சுவரும்

வீட்டைப் புதுப்பிக்கும் வேலை முடிந்து, கொத்தனாரும் வர்ணம் பூசுகிறவரும் விடைபெற்றுச் சென்ற பிற்பாடு, மூலையில் ஒரு சாக்கு மூட்டை மிஞ்சிக் கிடக்கும். பாட்டனார் காலத்துப் பித்தளைச் சுவர் விளக்கு, பீங்கான் அடியுள்ள ஸ்விட்சுகள், கனத்த இரும்பு விசிறி ஆகிய யாவும் அதற்குள் அடைக்கலம் புகுந்திருக்கும். "மறுபடி மாட்டுவதா, பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுவதா?" என்ற சர்ச்சை அப்போதுதான் வீட்டில் ஆரம்பமாகும்.

மாட்டலாம் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் விளக்கின் உடல் வேறு, அதனுள் ஓடும் கம்பி வேறு என்பதை நேயர்கள் மறக்கலாகாது. பித்தளைக்கு மூப்பில்லை, துலக்கினால் பளபளக்கும். கம்பியின் சங்கதி அப்படியன்று. முற்காலத்தில் கம்பிக்கு ரப்பர் உறையும், அதன்மேல் பருத்தி நூல் பின்னலும் போடுவார்கள். 60 வாட் பல்பின் சூட்டில் ஆண்டுக்கணக்காக வெந்த அந்த ரப்பர், கை பட்டதும் அப்பளம்போல் நொறுங்கும். ஆகையால் உள்கம்பியையும் பல்பு ஹோல்டரையும் புதிதாக மாற்றிய பின்னரே விளக்கைச் சுவரேற்ற வேண்டும்.

அடுத்தது எர்த் கம்பி. பழைய உலோக விளக்குகள் பலவற்றில் இரண்டே கம்பிகள் உண்டு, எர்த் கிடையாது. உள்ளே ஒரு கம்பி நைந்து உலோகத்தைத் தொட்டால், விளக்கு முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். விளக்கோ வழக்கம்போல் எரியும்; எவருக்கும் சந்தேகம் தோன்றாது. ஈரத் துணியால் துடைக்க வருகிற பேதைதான் அதை அறிய நேரும்! எனவே விளக்கின் உடலில் பச்சை எர்த் கம்பியைத் திருகாணியால் இறுக இணைத்தல் இன்றியமையாதது. பியூஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பியூஸ் வீட்டுக் கம்பிகளைச் சூடேறாமல் காக்குமேயன்றி மனிதரைக் காக்காது. உயிரைப் போக்க ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். 5 ஆம்பியர் பியூஸ் அதைக் கவனிக்கவே செய்யாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.ஸி.ஸி.பி. என்னும் சாதனத்தை மெயின் பலகையில் வைப்பது அதன் பொருட்டேயாகும்.

ஸ்விட்ச் எப்போதும் பேஸ் கம்பியில் இருக்க வேண்டும். வேலையின்போது கம்பிகளைக் கழற்றி மாட்டுகையில், பேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிடுவது சகஜம். மாறினாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைந்திருக்கும் விளக்கின் ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். பல்பு மாற்ற ஏணியில் ஏறியவரின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை.

புதுப் பூச்சு கனத்துவிட்டால் ஸ்விட்சுப் பெட்டி சுவருக்குள் அமிழ்ந்துவிடும். குட்டைத் திருகாணியைப் பலவந்தமாக முறுக்கினால் மேல் பலகை விரிசல் காணும்; நீண்ட திருகாணி வாங்கிப் போடுவதே வழி. ஸ்விட்சுக்குள் புகுந்த சிமெண்டுத் தூளை, மெயினை அணைத்துவிட்டு உலர்ந்த தூரிகையால் தட்டிவிட வேண்டும். பூச்சின் ஈரம் வற்றுமுன் எதையும் மாட்ட அவசரப்படலாகாது. கனத்த விசிறியை அழகுக்காக அமைத்த பால்ஸ் சீலிங்கில் தொங்கவிடுவது பெருந்தவறு. உத்திரத்திலோ கான்கிரீட்டிலோ பதித்த கொக்கியே அதன் பாரத்தைத் தாங்கும்.

இவ்வளவும் முடிந்த பின், லைசென்ஸ் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு மெக்கர் கருவியால் சோதிக்கச் செய்யுங்கள். 500 வோல்ட் சோதனையில் காப்புத் தடை ஒரு மெக்கோமுக்குக் குறையாதிருக்க வேண்டும். குறைந்தால், எங்கோ கசிவு இருக்கிறதென்று பொருள். அதைத் தேடிக் கண்டு நீக்கும்வரை மெயினைப் போடவேண்டாம். தரைக்குச் சலவைக் கல் தேடிப் பல கடைகள் ஏறி இறங்கும் கிருகஸ்தர், இந்தச் சோதனைக்கு அரை நாள் ஒதுக்கலாகாதா? பாட்டனார் வாங்கிய விளக்கு பேரப்பிள்ளைகளுக்கு வெளிச்சம் தரட்டும். அவர்கள் அதைத் தொட்டாலும் தீங்கு நேராதிருக்கட்டும்.